வெள்ளிக்கிழமை ஸ்லைடு

எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைக் கணக்குப் போட்டுவிட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, எப்போதோ படித்த படிப்பைத் தூசி தட்டிக்கொண்டு நாற்பத்தாறு வயதில் ஆய்வகத்துக்கு வந்தவள் நான். அவள் என்னை ‘அக்கா’ என்றாள். நான் அவளை ‘மேடம்’ என்றேன். மற்ற எல்லோருக்கும் அவள் குட்டி மேடம்.

பெண்களின் கருப்பைவாயிலிருந்து தடவியெடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது எங்கள் வேலை. விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் செல்கள். ஸ்லைடு என்போம். அத்தனையும் நல்லவையாக இருக்கும். அல்லது, கெட்டுப்போகத் தொடங்கிய ஐந்தாறு செல்கள் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். இருந்தால், கண்ணாடிமேல் பேனாவால் புள்ளி வைத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் ‘இயல்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஸ்லைடை யாரும் தொடமாட்டார்கள். அந்தப் பெண்ணையும் மூன்று வருஷத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பயிற்சி’ என்று ஒரு நீல முத்திரை விழும். அந்த முத்திரை போக வேண்டும். பயிற்சி நடந்த ஒன்பது மாதமும் என் ஆசை அது ஒன்றுதான். கடைசி மாதம் தனியாகப் பார்ப்பேன். பத்தில் ஒன்றை மட்டும் மேடம் திரும்பப் பார்ப்பாள். அந்த மாதத்தில் ஒன்றே ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னும் மூன்று மாதம் பயிற்சி.

“இன்னைக்கும் சின்னப் பொண்ணுகிட்டத் திட்டு வாங்கினியா?” என்று வீட்டில் கணவர் கேட்பார்.

“திட்டினாத்தான் பரவாயில்லையே,” என்பேன். “அவ ஒண்ணுமே சொல்றதில்லை. அதுதான் எரிச்சலா வருது.”

உண்மைதான். எங்களிடம் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கும் நுண்ணோக்கி ஒன்று உண்டு. இடத்தைக் காட்ட உள்ளே ஒரு பச்சை அம்பு மிதக்கும். அந்த அம்பை அவள் ஒரு நாளும் நகர்த்தியதில்லை. “நீங்களே போங்கக்கா,” என்பாள். நான் தடுமாறி, வழி தப்பி, மேலும் கீழுமாக உழுதுகொண்டு போவேன். அவள் கூடவே வருவாள். கெட்ட செல்லைத் தாண்டிப் போனால்கூட அவள் மூச்சு மாறாது. ஏதோ உறுத்தி நானே திரும்பி வந்து அம்பை அதன்மேல் நிறுத்தும்போதுதான், “ம்,” என்பாள். அந்த ‘ம்’முக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை வீட்டில் சொன்னதில்லை.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கூடுதல் ஸ்லைடு தருவாள். அவள் மேசைமேல் ஊதா மூடி போட்ட சின்னப் பெட்டி இருந்தது. அதிலிருந்து எடுத்துத் தருவாள். ஸ்லைடின் எண்மேல் காகிதத் துண்டு ஒட்டியிருக்கும். “அவசரமில்லக்கா. பொறுமையாப் பாருங்க.”

அவள் கண்டுபிடித்துப் பாராட்டு வாங்கிய ஸ்லைடுகள் என்று நினைத்தேன். பதக்கங்களைப் பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை எனக்குக் காட்டுகிறாள் என்று உள்ளுக்குள் கசந்தேன். ஏழாவது மாதம், அப்படியொரு ஸ்லைடை நான்கே நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். தலை கால் புரியவில்லை.

“இதைப் போய் யார் மேடம் விடுவா? கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தாத்தான் விடலாம்!”

அவள் எதிர்ப்பக்கத்து லென்ஸிலிருந்து முகத்தை எடுக்காமல் சிரித்தாள். “ஆமாக்கா. கரெக்ட்.”

கடைசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, லென்ஸ் எண்ணெய் பட்டு அந்தக் காகிதத் துண்டு கழன்று என் விரலோடு வந்துவிட்டது. மேடம் இருக்கையில் இல்லை. எண்ணைப் பார்த்துவிட்டேன். குறுகுறுப்பு தாங்காமல் பதிவறைக்குப் போனேன். அங்கே ஸ்லைடுகளைக் காத்துவரும் அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“ஊதாப் பெட்டிதானே? அதெல்லாம் குட்டி மேடம் விட்டதும்மா.”

“விட்டதுன்னா?”

“இயல்புன்னு எழுதிட்டு, பிற்பாடு தப்புன்னு தெரிஞ்சது. எட்டு வருஷத்துல பன்னிரண்டு. வேற யாராயிருந்தாலும் எங்கிட்ட வந்து, அண்ணே, அடியில தள்ளி வைங்கன்னு கெஞ்சியிருப்பாங்க. இவங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போய்க் கண்ணெதிர்ல வச்சிருக்காங்க. பைத்தியம்!”

‘பைத்தியம்’ என்பதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் நடைபாதையில் நின்றுவிட்டேன். தான் காணாததை இன்னொருத்தி கண்டுபிடிப்பதை, அதுவும் பெருமையடித்துக்கொண்டு கண்டுபிடிப்பதை, ஓரடி தூரத்தில் உட்கார்ந்து மாதாமாதம் பார்த்திருக்கிறாள். அவள் கை அம்புக்குப் போனதில்லை. குரல் மாறியதில்லை. எனக்குள் தேடிப் பார்த்தேன். பிள்ளைகளிடம்கூட ஒரு தப்பை முழுசாக ஒப்புக்கொண்ட நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் அது படவில்லையே என்று உடம்பு சிலிர்த்தது.

அவள் வந்ததும் கழன்ற காகிதத்தை நீட்டினேன். “மேடம், அன்னைக்கு நான் சொன்னது…”

“சரியாத்தானே சொன்னீங்க?” என்றாள். பிறகு நான் கேட்காததற்குப் பதில் சொன்னாள். “பதினொரு பேர் நல்லா இருக்காங்கக்கா.”

பன்னிரண்டாவது எந்த ஸ்லைடு என்று நான் கேட்கவில்லை.

“ஏன் தப்பிச்சதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன்,” என்றாள். “எடுத்துப் பார்த்தா, முக்கால்வாசி, அதுக்கு முந்தின ஸ்லைடுல நான் ஏதாவது பெருசாக் கண்டுபிடிச்சிருப்பேன். அடுத்தது கண்ணு முன்னால ஓடுது. ஆள் இன்னும் முந்தினதுல மாலை போட்டுக்கிட்டு நிக்குது.”

சிரித்தேன். பாதிச் சிரிப்பில் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

செவ்வாயன்று ஒரு கஷ்டமான ஸ்லைடைப் பிடித்திருந்தேன். “கண்ணுன்னா இது கண்ணு!” என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கு அடுத்த ஸ்லைடில் என்ன பார்த்தேன்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவில்லை. ‘இயல்பு’ என்று எழுதியது மட்டும் நினைவிருந்தது, அழகான கையெழுத்தில்.

அது மேடம் திரும்பப் பார்த்த பத்தில் ஒன்று அல்ல. திங்களன்று முத்திரை போய்விடும். நான் எழுந்து போகாவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். ஒன்றும் இல்லையென்றால் போய்ப் பார்ப்பதில் என்ன பயம் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது மேடத்தின் குரல்போல இருந்ததுதான் வேடிக்கை. அவள் அப்படியெல்லாம் கேட்கிறவளே இல்லை.

பதிவறை அண்ணனிடம் கையெழுத்துப் போட்டு ஸ்லைடை வாங்கிவந்தேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமாக மெல்லிய செல்கள், இதழ் உதிர்ந்து கிடப்பதுபோல. முகம் தெரியாத ஒரு பெண்ணின் உள்ளே நடந்துகொண்டிருந்தேன். இருபது நிமிஷம். இடது கீழ் மூலையில், ஒரு மடிப்பின் நிழலில், ஆறு செல்கள் நெருக்கியடித்து நின்றன. நடுவில் மை கொட்டியதுபோல் கருத்த உட்கருக்கள்.

கண்ணை எடுக்க முடியவில்லை. செவ்வாயன்றும் இவை இங்கேதான் இருந்தன. என் கண்ணுக்குள்ளும் வந்துபோயிருக்கும்.

“மேடம், ஒரு நிமிஷம் வர்றீங்களா?”

எதிரே வந்து உட்கார்ந்தாள். அம்பை நானே கொண்டுபோய் அந்த ஆறின்மேல் நிறுத்தினேன். “செவ்வாய்க்கிழமை பார்த்தது. இயல்புன்னு எழுதிட்டேன்.”

அவள் குனிந்து லென்ஸில் பார்த்தாள்.

“இதைப் போய் யார்க்கா விடுவா?” என்றாள்.

“கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தா விடலாம் மேடம்.”

அவள் சிரித்ததில் முழங்கால் மேசையில் இடித்தது. ஆறு செல்களும் ஒருமுறை குலுங்கி நின்றன.

கண்ணாடிமேல் புள்ளி வைத்தேன். அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். போன அறிக்கையைத் திரும்ப வாங்கவும், அந்தப் பெண்ணைத் திங்கட்கிழமையே வரச் சொல்லவும் ஏற்பாடு செய்தாள். போனை வைத்துவிட்டு, “மூணு மாசம்க்கா,” என்றாள். ஆறுதல் எதுவும் சேர்க்கவில்லை.

“தெரியும் மேடம்.”

“பெட்டி நீங்களே வாங்கிக்கணும். என்னோடதுல இடமில்லை.”

அன்றைய தட்டில் இன்னும் நான்கு ஸ்லைடுகள் பாக்கியிருந்தன. அடுத்ததை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மாதத்தில் முதல்முறையாக.

“அதைத் தொடாதீங்க. இப்பத்தான் பெருசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க. எந்திரிங்க, டீ குடிச்சிட்டு வரலாம்.”