இரண்டு செட்டுக்கு நடுவில்

ஜெயரூபனின் நெஞ்சில் நூறு கிலோ வந்து உட்கார்ந்தபோது, தலைமாட்டில் நின்று அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ரஜீவன் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தான்.

சும்மா எடுக்கவில்லை. சும்மா ஓய்வெடுப்பது ரஜீவனின் கொள்கைக்கு விரோதம். பதுளை டவுனில் மர்ஸூக் நானாவின் ஜிம்மில் படுத்துக்கொண்டு பாரம் தூக்கும் பெஞ்ச் ஒன்றுதான். ஒருத்தன் தூக்கினால் மற்றவன் இளைப்பாற வேண்டும். அந்த நேரத்தில் ஆட்கள் போனைத் தடவுகிறார்கள், கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்க்கிறார்கள். நாடு முன்னேறாததற்கு இதுவே காரணம் என்பது கம்பஸில் படிக்கும் ரஜீவனின் கண்டுபிடிப்பு. ஆகவே அவன் தன் ஓய்வில் வராந்தாவுக்குப் போய்க் கயிறு தாண்டுவான். காதில் இயர்போன். அதில் புள்ளிவிபரவியல் விரிவுரை, ஒன்றரை மடங்கு வேகத்தில்.

"நீ தூக்குறப்ப நான் சும்மா நிக்கிறது வேஸ்ட்டு மச்சான்," என்று அன்றைக்குத்தான் விளக்கியிருந்தான்.

"கம்பி மேல விழுந்துட்டா?"

"தோட்டத்துல லொறி லொறியா உர மூட்ட ஏத்துறவன்டா நீ. இதுக்குப் போயி பயப்படுற?"

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயரூபன் வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டான். ஹாலிஎல பக்கத்துத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு வாழ முடியாது.

எடைத் தட்டுகள் நழுவாமலிருக்க, தொலைந்துபோன பூட்டுகளுக்குப் பதிலாகச் சைக்கிள் டியூப்பை நறுக்கிக் கம்பியின் இரு முனையிலும் இறுகச் சுற்றுவது அந்த ஜிம்மின் வழக்கம். கம்பியைச் சாய்த்துத் தட்டுகளைக் கொட்டித் தப்பிக்கும் வழியும் அடைபட்டிருந்தது. நானா மஃரிப் தொழுகைக்குப் போயிருந்தார். தகரக் கூரையில் மழை.

இறங்கிய கம்பி மறுபடி ஏறவில்லை.

கத்தலாம். கத்துவதற்குக் காற்று வேண்டும். இருந்த காற்று வெளியே போய்விட்டது, புதியது உள்ளே வர இடமில்லை. கம்பி மெல்லக் கழுத்துப் பக்கம் உருண்டது. இரண்டு கையாலும் தடுத்தான். தலையைத் திருப்பினால், கதவுக்கு வெளியே ரஜீவனின் பாதங்கள் உற்சாகமாகத் துள்ளுவது தெரிந்தது. குதிகாலால் பெஞ்சை உதைத்தான். மழைச் சத்தத்தில் அது தனக்கே கேட்கவில்லை.

ஓய்வு முடிந்ததென்று ரஜீவனின் போன் அலாரம் அடித்தது. போனைப் பார்த்தபடி உள்ளே வந்தான்.

"எந்திரி மச்சான், என் டைம் வந்துருச்சு. இன்னும் படுத்துக்கிட்டு..."

நிமிர்ந்தான். ஜெயரூபனின் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

பாய்ந்துபோய் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். அந்த முனை எழும்ப, பாரம் மறுமுனைக்குச் சரிந்து, கம்பி தொண்டைக்குழியை நோக்கி வழுக்கியது. ஜெயரூபனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்னா? என்னாடா சொல்ற?"

காதுக்குள் விரிவுரையாளர் நியம விலகலை விளக்கிக்கொண்டிருந்தார். ரஜீவன் இயர்போனைப் பிடுங்கி எறிந்தான்.

"ந...டு..."

முனையை மெதுவாக விட்டு, தலைமாட்டுக்கு ஓடி, கம்பியின் நடுவில் இரண்டு கையையும் கொடுத்தான்.

"மாதாவே! தள்ளுடா! நீயும் தள்ளு!"

ஒரு விரல்கடை எழுந்தது. நின்றது. வியர்வையில் பிடி வழுக்கியது. ரஜீவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முதலில் ஒரு பக்கமும் பிறகு அடுத்த பக்கமுமாகப் பெஞ்சின் கொக்கிகளில் விழுந்தது.

ஜெயரூபன் இருமினான். நெஞ்சுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

"மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"தட்டக் கழட்டு."

"சரி சரி, எல்லாத்தையும் வச்சிட்டு வீட்டுக்கு..."

"ஒனக்குத் தக்கன கொறச்சிட்டுப் படு. ஒன் செட்டு."

ரஜீவன் சிரித்துப் பார்த்தான். எதிரில் சிரிப்பில்லை. டியூப்பை அவிழ்த்துத் தட்டுகளைக் குறைத்தான். படுத்தான். கம்பியைக் கொக்கியிலிருந்து எடுத்தான்.

"மச்சான், இருக்கியா?"

கம்பியை இறக்கத் தொடங்கினான்.

"டேய், இருக்கியாடா?"

ஜெயரூபன் இருமலை அடக்கிக்கொண்டு தலைமாட்டில் நின்றிருந்தான். கம்பிக்குக் கீழே, அதைத் தொடாமல், அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் விரிந்திருந்தன. ரஜீவன் இறக்க இறக்க அவையும் கூடவே இறங்கின.