நெட்டையனின் சட்டை

சட்டையை மேசைமேல் விரித்துவிட்டு, மாஸ்டர் இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார். இடது கை பதினாலு அங்குலம். வலது கை முப்பத்தேழு. கழுத்து ஒன்பது. தையல் தொழிலில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியவர், இப்படியொரு சட்டையைக் கண்டதில்லை. அதைவிடக் கொடுமை, அது அவ்வளவு அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. காலர் விறைப்பாக நின்றது. பொத்தான் காஜா ஒவ்வொன்றும் எறும்பு வரிசை மாதிரி.

"யாருக்கும்மா இது?"

"அளவு நோட்டுல நீங்கதானே எழுதியிருக்கீங்க, நெட்டையன்னு," என்றாள் மனைவி, பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டே. "பாவம், என்ன விபத்தோ என்னவோ. கேட்டா உங்களுக்கும் சங்கடம்னு கேக்கல. அந்த நீளக் கைக்கு ரெண்டு பட்டன் கூடுதலா வெச்சிருக்கேன், மடிச்சு விட்டுக்கலாம். பஸ்ல கம்பி பிடிக்கணும்னா இறக்கி விட்டுக்கலாம்."

நான்கு நாளாக அவள் அந்த மனிதனோடு குடித்தனமே நடத்தியிருக்கிறாள் என்று புரிந்தது. அவன் எப்படிக் குனிவான், யார் அவனுக்குப் பொத்தான் போட்டுவிடுவார்கள், கூட்டத்தில் அந்தக் கையை எங்கே ஒளித்துவைப்பான். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. நெட்டையன் என்று ஒருவன் இல்லை. அது அவருடைய மெயிலின் பாஸ்வேர்ட். பெயரும் அதன் பின்னால் அந்த எண்களும். அதற்கடுத்த பக்கத்துக் குள்ளன் மின்கட்டணம் கட்டுவதற்கு. அதற்கும் அடுத்தவர், ஐம்பத்திரண்டு கழுத்துக்காரர், மகள் அனுப்பும் படங்களுக்கு.

உண்மையைச் சொன்னதும் அவள் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். "நல்லவேளை, குள்ளனுக்குப் பேன்ட் வெட்டல!"

அன்று மத்தியானமே மகளிடம் போனில் வத்தி வைத்துவிட்டாள். "அப்பா, பாஸ்வேர்ட் மேனேஜர்னு இருக்குப்பா. எல்லாத்தையும் அது ஞாபகம் வெச்சுக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சாப் போதும். நல்லதா மூணு அனுப்பறேன், பாத்து எடுங்க," என்றாள் மகள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடை தூங்கிவழியும் நேரம். கண்ணாடிக் கதவு வழியே வந்த வெயிலில் பஞ்சுத் தூசி மேலும் போகாமல் கீழும் இறங்காமல் மிதந்தது. தொங்கிய சட்டைகள் மின்விசிறிக் காற்றில் மெல்லத் திரும்பித் திரும்பி, ஆளில்லாமலே யாரையோ விசாரித்தன. மாஸ்டர் துணி வாங்குவதுபோல்தான் மகள் அனுப்பிய மூன்று ஆப்களையும் எடைபோட்டார். முதலில் தடவிப் பார்த்தார், பிறகு உள்பக்கம் புரட்டினார். ஒன்று ஓயாமல் விளம்பரம் காட்டியது. "சும்மா தைச்சுத் தரேங்கறவன் துணியில கை வைப்பான்," என்று அதைத் தள்ளினார். இரண்டாவது பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தலைமைக் கடவுச்சொல்லை மறந்தால், எங்களாலும் திறக்க முடியாது.

அதை மூன்று முறை படித்தார். எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் அசைந்தன. ஒரு காலத்தில் தெருவே அவர் தலைக்குள் இருந்தது, யார் மார்பு, யார் இடுப்பு, யாருக்கு ஒரு தோள் இறக்கம் என்று. போன மாதம் முப்பது வருஷ வாடிக்கையாளர் வந்து நின்றபோது டேப்பை எடுக்கவேண்டியதாயிற்று. "என்ன மாஸ்டர், பெருத்துட்டேனா?" என்றார் அவர். "லேசா," என்று சமாளித்தார். பாஸ்வேர்டையும் அதனால்தான் அளவு வேஷம் போட்டு எழுதினார். திருடனுக்குப் பயந்தல்ல, நாலு எண்ணுக்கு நோட்டா என்று வீட்டுக்காரி கேட்டுவிடுவாளே என்று.

மூன்றாவது ஆப் நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயரைக் கேட்டது. நீங்கள் மறந்தால் அவர் திறக்கலாம். திறக்குமுன் அவர் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்றும் கேட்டது: ஒன்று, ஏழு, முப்பது.

"உன் பேரைத்தான் போடறேன்," என்றார் மனைவியிடம், ஏதோ சலுகை காட்டுவதுபோல. "சும்மா, ஒரு சம்பிரதாயத்துக்கு. முப்பது நாள் போட்டுடறேன்."

"ஒரு நாள் போடுங்க."

"என்ன அவ்வளவு அவசரம்?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "டேப்பைப் பிடிச்சு அளந்துட்டு நோட்டுக்குத் திரும்பறதுக்குள்ள உங்க கை அந்தரத்துல நிக்குது. ஆறேழு மாசமா நான்தான் அந்த நம்பரை முணுமுணுக்கறேன். தானா ஞாபகம் வந்ததா நெனச்சு எழுதிக்கறீங்க. முப்பது நாளெல்லாம் என்னால காத்திருக்க முடியாதுங்க."

மாஸ்டர் கதவைப் பார்த்தார். வெளியே ஒரு சைக்கிள் போயிற்று. ஒன்று என்பதைத் தொட்டார்.

இப்போது கடவுச்சொல். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை என்றது ஆப். "குடை," என்றார் அவர். "பூசணி," என்றாள் அவள். "ஜன்னல்." அவள் கொஞ்சம் யோசித்துச் சிரித்தாள். "தும்மல்."

எங்கும் எழுதவில்லை. அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் அந்தத் தாளத்தில் மனப்பாடம் செய்துகொண்டே துணி மடித்தார். குடை, பூசணி, ஜன்னல், தும்மல். வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது. யாரோ ரவிக்கை வாங்க வந்தார்கள், போனார்கள். மறுபடி ஆரம்பித்தார்.

"குடை... பூசணி... ஜன்னல்..."

மிதி நின்றது. துணிமேல் கை வைத்தபடி, நிமிராமல், அவள் நாலாவது வார்த்தைக்குக் காத்திருந்தாள். சக்கரம் மட்டும், யாரும் மிதிக்காமலே, இன்னும் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.