தோணிக்காரன் மாசானம்

என் வீட்டுக்காரர் வெங்கிடாசலத்துக்கு ஒரே ஓர் ஆசை: தான் எழுதிய ஆட்டத்தைத் தானும் ஒரு நாள் உட்கார்ந்து ஆட வேண்டும். இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கேளுங்கள்.

கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் அவர் குமாஸ்தா. எண்பத்திரண்டில், யாரோ வெள்ளைக்கார மாலுமி விட்டுப்போன பெட்டி ஒன்றை மட்டாஞ்சேரி வீட்டுக்குத் தூக்கி வந்தார். உள்ளே இங்கிலீஷ் விதிப்புத்தகமும் பல முகம் வைத்த பகடைகளும். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. கொச்சங்காடி கிடங்கில் வேலை பார்க்கும் இஸ்மாயிலும் செல்லதுரையும் ஞாயிறுதோறும் வந்து ஆடினார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் இவர் மட்டும்தான், அதனால் நடத்துவதும் இவர்தான். அவர்கள் டிராகனை வெட்டிப் புதையல் எடுத்தார்கள். இவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"இதுல விதியெல்லாம் வக்கீல் படிப்பு மாதிரி இருக்கு. யாரு வேணாலும் எடுத்து நடத்துற மாதிரி நான் தமிழ்ல எழுதுதேன்" என்றார்.

மூன்று வருஷம் எழுதினார். டிராகனைத் தூக்கிவிட்டுக் காயலையும் முதலையையும் வைத்தார். தனக்கென்று ஒரு வீரனையும் சீட்டில் எழுதி சிகரெட் டப்பாவில் பத்திரப்படுத்தினார்: தோணிக்காரன் மாசானம். அந்தப் பெயரைச் சொல்லும்போது மனுஷர் முகமே மாறும். என் பெயரை அப்படிச் சொன்னதே இல்லை.

அச்சான புத்தகம் வந்த ஞாயிறன்று புதுச்சட்டை போட்டு, டப்பாவைத் திறந்து மாசானம் சீட்டை முன்னால் வைத்து உட்கார்ந்தார். புத்தகத்தைச் செல்லதுரையிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீ நடத்து. நான் மாசானம்."

செல்லதுரை புரட்டிப் பார்த்து இஸ்மாயிலிடம் தள்ளினான். இஸ்மாயில் படங்களைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நாங்க ரெண்டாளும் மலையாளம் ஸ்கூல்ல படிச்சவங்க. தமிழு பேச அறியும். வாசிக்க அறியாது" என்றான் செல்லதுரை.

திருநெல்வேலியில் படித்த இவருக்கு, தமிழ் பேசுகிறவனெல்லாம் தமிழ் வாசிப்பான் என்ற நினைப்பு. மலையாளம் இவருக்கு எழுத வராது. சாயாத் தட்டைக் கீழே வைத்தேன். நானும் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இந்தப் புத்தகத்துக்கு அச்சுப்பிழை பார்த்ததே நான்தான்.

"நான் வாசிச்சு நடத்துதேன். நீங்க ஆடுங்க."

இஸ்மாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க ஆடுத எடத்துல நீ என்னத்த நடத்தப் போற. போயி அடுப்பப் பாரு."

மாசானத்தை டப்பாவில் போட்டு மூடினார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.