ஆர்லெனின் கைப்பெயர்

சியோமாராவின் கைப்பெயர் ஒரு கண். சுட்டுவிரலைக் கண்ணோரத்தில் வைத்து மூக்குப் பக்கமாக லேசாக இழுத்தால் அது அவள்தான், மாறுகண்காரி. எஸ்தெலி ஊரின் காதுகேளாத பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடும் அந்த வீட்டில் யாருக்கும் அழகான பெயர் கிடையாது. யெல்பாவுக்குத் துருத்திய பல். மிலாக்ரோஸுக்கு வயிறு. கண்ணில் எது முதலில் படுகிறதோ அதுவே பெயர். தனக்குத்தானே வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்ததை மாற்றவும் கூடாது. அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. பிறந்த வீட்டில் வெறும் 'ஊமை'யாக இருந்தவர்களுக்குப் பல்லும் வயிறும் பெரிய உயர்வுதான்.

அதனால் ஆர்லெனுக்குப் பெயர் வைத்த அன்று சியோமாரா யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் தாடையிலிருந்து கழுத்துவரை பழைய தீக்காயத் தழும்பு. சியோமாரா விரல்களைச் சுருக்கித் தன் தாடையிலிருந்து கழுத்துக்கு இழுத்துக் காட்டினாள். வீடு முழுக்கக் கைகள் உயர்ந்து காற்றில் சுழன்றன. அவர்களுடைய கைதட்டல் அது. ஆர்லெனும் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல், யாரும் ஒரு சொல்கூடக் கொடுக்காமல் மலையில் வளரும் காதுகேளாத பெண் பிள்ளைகளைத் தேடிப்போய், ஆளுக்கு ஒருத்தியாகப் பொறுப்பேற்பது அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம். சியோமாரா சுருட்டு ஆலையில் புகையிலை தரம் பிரிப்பவள். ஞாயிறுகளில் பேருந்து ஏறி ஆர்லெனின் வீட்டுக்குப் போவாள். முதலில் போனபோது, பதினைந்து வயதுப் பெண்ணை அவள் அம்மா சோள மணிகளை முதுகில் எறிந்துதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கைகளில் தண்ணீர் வந்தது, நாய் வந்தது, மழை வந்தது. 'நேற்று' என்ற சொல் வந்த நாளில் பெண்ணை நிறுத்த முடியவில்லை. அதுவரை சொல்ல வழியில்லாத நேற்றுகளையெல்லாம் இருட்டும்வரை சொல்லித் தீர்த்தாள்.

இந்த ஞாயிறு சியோமாரா போனபோது அம்மா தோமிங்கா வாசலில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சியோமாரா உதடு படிப்பாள் என்று தெரிந்ததால் வாயை அகலத் திறந்து பேசினாள்.

"அவ இனிமே வரமாட்டா. காப்பி பறிப்பு தொடங்குது. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை என் தம்பி வண்டி கொண்டு வர்றான். ஹினோதேகாவுல அவன் தோட்டத்துச் சமையக்கட்டுல இருக்கட்டும். அங்க பேச்சு எதுக்கு? கை இருந்தா போதும்."

"ஏன் திடீர்னு?" என்று சியோமாரா கையை விரித்தாள்.

தோமிங்கா மாவைப் பார்த்துக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, "அத்தனை வார்த்தை கத்துக்கிட்டு, கடைசியில வீட்டுக்கு வந்து எதைக் காட்டுறா பாரு" என்றாள்.

சியோமாராவுக்கு அது புரியவில்லை. சமையற்கட்டு புரிந்தது. அவளே சிறுமியாக ஒரு சித்தியின் சமையற்கட்டில் வருடக்கணக்கில் கிடந்தவள். கைக்குப் பதில் சொல்ல இன்னொரு கை இல்லாத இடத்தில், மனசுக்குள் இருப்பதும் மெல்லப் புகையாகிவிடும்.

கொல்லையில் ஹொகோத்தே மரத்தடியில் ஆர்லென் சிவப்பு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. சியோமாராவைப் பார்த்ததும் கண்களை மூடிக்கொண்டாள். காது கேட்பவர்கள் கோபம் வந்தால் வாயை மூடுவார்கள். இவர்கள் கண்ணை மூடினால் போதும், எதிரில் இருப்பவள் ஊமையாகிவிடுவாள்.

முழங்காலைத் தட்டிக் கண்ணைத் திறக்க வைக்கலாம். சியோமாரா தட்டவில்லை. எதிரில் உட்கார்ந்து தானும் உரிக்கத் தொடங்கினாள். தழும்பில் வெட்கப்பட எதுவுமில்லை என்று சொல்வதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். உரிக்க உரிக்க அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. மர நிழல் கூடையைத் தாண்டி நகர்ந்தது.

ஆர்லென் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, பேரு கெட்டது."

"வெக்கமா இருக்கா? எனக்கும்தான் கண்ணு கோணல்."

"எனக்கு வெக்கம் இல்ல." துண்டை உருவி மடியில் போட்டாள். "அம்மா."

பிறகு சொன்னாள். நேற்று, நேற்று, நேற்று என்று தோளுக்குப் பின்னால் கையை எறிந்துகொண்டே போனாள், அவ்வளவு பழையது. "நான் சின்னவ. எண்ணெய்ச் சட்டி. நான் முதுகுப் பக்கமா நடக்கறேன். அம்மா தூரத்துல. வாய் திறக்குது, திறக்குது, திறக்குது. எனக்குத் தெரியல. அம்மா கையில சோளம் இல்ல."

சியோமாராவின் விரல்கள் காய்மேல் நின்றுவிட்டன.

"அம்மா இதைப் பாத்தா அழுவா. நான் மூடுவேன், அழமாட்டா. எனக்குப் பேரு வந்துச்சு, சந்தோஷம், ஓடிவந்து அம்மாகிட்டக் காட்டினேன்." துண்டை எடுத்து மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது சியோமாரா கைச்சாடையாலும் வாயசைத்தும் தோமிங்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வர்ற சனிக்கிழமை நீங்களும் வாங்கம்மா. பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க." தோமிங்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

ஆனால் வந்தாள். சமையலுக்குக் கட்டிய இடுப்புத்துணியைக்கூட அவிழ்க்காமல், மகளுக்குப் பின்னால் சுவரோரமாக, தலை குனிந்தபடி நின்றாள்.

ஆர்லெனின் பெயரை மாற்ற வேண்டும் என்று சியோமாரா சொன்னதும் யெல்பாவின் கைகள் பறந்தன. "வழக்கம்னா வழக்கம்தான். மாத்தலாம்னா மொதல்ல என் பல்ல மாத்துங்கடி. எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்."

"பல்ல எடுத்துட்டா அப்புறம் உன்னை எதை வச்சுடீ கண்டுபிடிக்கிறது?" என்றாள் மிலாக்ரோஸ்.

எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். சியோமாரா எழுந்தாள். எண்ணெய்ச் சட்டியை, அம்மாவை, எல்லாவற்றையும் சொல்லிவிடக் கை தூக்கினாள். ஆர்லென் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவர்களிடையே அது வாயைப் பொத்துவது போன்றது, யாரும் செய்வதில்லை. சியோமாராவுக்கு முகம் சுட்டது. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பாத்தீங்க," என்றாள் ஆர்லென். "கொஞ்சம். திரும்பப் பாருங்க."

துண்டில்லாமல் நடுவில் நின்றாள். அவர்கள் பார்த்தார்கள். நீண்ட நேரம் ஒருவரைப் பார்ப்பதில் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. இரண்டு மூன்று பேரின் விரல்கள் புதுப் பெயருக்காக எழுந்து, போதாதென்று இறங்கின.

அத்தனை கண்களும் மகள்மேல் இருப்பதைத் தோமிங்காவால் தாங்க முடியவில்லை. இடுப்புத்துணிப் பையில் கைவிட்டு ஒரு சோள மணியை எறிந்தாள். வா, போகலாம்.

மணி முதுகில் பட்டது. ஆர்லென் எப்போதும்போல இரண்டு விரல்களைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், பட்ட இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அது!" என்றாள் யெல்பா. "பாத்தீங்களாடி? தொட்டுட்டுத்தான் திரும்புறா." தன் தோளின் பின்புறத்தை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினாள். மிலாக்ரோஸ் தொட்டாள். அறை முழுக்கத் தொட்டது.

சியோமாராதான் கடைசி. ஞாயிறு தவறாமல் அந்த அசைவைப் பார்த்திருக்கிறாள். சொல் கொடுக்கும் அவசரத்தில் அது ஒரு சொல்லாகலாம் என்று தோன்றியதே இல்லை.

ஆர்லென் அதை ஒருமுறை தானே செய்து பார்த்தாள். பிறகு கீழே கிடந்த மணியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் அம்மாவிடம் காட்டினாள். தோளைத் தொட்டாள், தன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி காட்டினாள். தோமிங்கா மணியைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், தாடையைத் தாண்டிக் கழுத்துவரை பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் பார்வையை விலக்கவில்லை. மெதுவாகத் தன் விரல்களைத் தோளுக்குக் கொண்டுபோனாள்.

ஒரு விரல்தான் பட்டது. யெல்பா வந்து, சிரிக்காமல், இரண்டாவது விரலையும் பிடித்து வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பும்போது படியில் நின்று தோமிங்கா வாயை அகலத் திறந்து சியோமாராவிடம் கேட்டாள்:

"அடுத்த சனிக்கிழமையும் இதே பஸ்தானே?"