அரைக்கால் சுற்று

"வலது பக்கம், அத்தே!" ஸ்டாண்டில் உயர்த்தி நிறுத்திய காடிக்கு, அவளுடைய பழைய காருக்கு, அடியிலிருந்து கத்தினாள் காமினி.

வாழ்நாளில் முதன்முறையாக ஸ்டேரிங்கைத் தொட்ட மாமியார் லெட்சுமி, அதைத் தேர்வடம் போலப் பிடித்து இழுத்தார்.

டொக்!

அந்த அதிர்வு காமினியின் உள்ளங்கையில் விழுந்தது. திருப்பும்போதெல்லாம் சத்தம் போடும் கள்ளன் அகப்பட்டான்! அவள் கை வைத்திருந்தது ஸ்டேரிங் ரேக்கின் மேல். சக்கரங்களைத் திருப்பும் பல்வைத்த தண்டு அதற்குள்தான் ஓடுகிறது. தேய்ந்துபோய் ஆடுகிறது. அடியிலுள்ள திருகை அரைக்கால் சுற்று, அதாவது கால் சுற்றில் பாதி, இறுக்கினால் ஆட்டம் அடங்கும். அவ்வளவுதான்.

நான்கு மணிக்குப் பழைய இரும்பு லோரி வருகிறது. வரச்சொன்னவன் கணவன் சிவநேசன். "சத்தம் நின்னு, காடி ஒழுங்கா ஓடுனா வச்சுக்க. இல்லன்னா லோரிக்காரன் இழுத்துட்டுப் போவட்டும் லா" என்று காலையிலேயே சொல்லிவிட்டான். காடி போனால் மறுபடியும் ஃபேக்டரி பஸ். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை முடிந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்காற்றில் தனியே ஓட்டி வரும் அந்தக் கொஞ்ச நேரம்தான், அவள் யாருக்கும் மனைவியாகவோ மருமகளாகவோ இல்லாத நேரம். அதை எடைக்குப் போடுவதா?

ஸ்பேனர் திரும்பியது. "இப்ப திருப்புங்க அத்தே!"

சத்தமே இல்லை.

காடியை இறக்கி, மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பாயான் பாருவின் வீட்டு வரிசைகளுக்குள் பறந்தாள். முதல் வளைவு.

டொக்!

"அலாமாக்!" என்று பதறினார் லெட்சுமி.

திரும்பி வந்து இன்னோர் அரைக்கால் சுற்று இறுக்கினாள். கையில் கோப்பியோடு வாசலில் நின்ற சிவநேசன் சிரித்தான். "காடியா, ஊறுகா போத்தலா? இந்த இறுக்கு இறுக்குற!"

மறுபடியும் அதே வளைவு. திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினாள். தானாக நடுவுக்கு வரவேண்டிய ஸ்டேரிங் வரவில்லை. அடம்பிடித்து அப்படியே நின்றது. காடி வளைந்தபடியே சாக்கடையை நோக்கிப் பாய்ந்தது. லெட்சுமி முருகனைக் கூப்பிட்டார். காமினி பிரேக்கை மிதித்தாள். சாக்கடை விளிம்பில் காடி குலுங்கி நின்ற அதே நொடியில், பின்னாலிருந்து...

டொக்!

ரேக் முன்னால் இருக்கிறது. சத்தம் பின்னாலிருந்து வருகிறது! காமினி குதித்து இறங்கிச் சாமான் வைக்கும் பின்கதவைத் திறந்தாள். குடுமியோடு ஒரு தேங்காய் உருண்டுவந்து மோதி அசைந்தாடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! தைப்பூசத்துக்கு ஒடைக்க வாங்குனதுல ஒண்ணு கொறையுதுன்னு அந்தத் தேங்காக்காரன என்ன ஏசு ஏசுனேன்!" என்றார் லெட்சுமி.

அப்படியானால் முதல் அரைக்கால் சரிதான். ஸ்டேரிங்கை இறுக்கிப்போட்ட இரண்டாவதுதான் வினை. காமினிக்குச் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாக வந்தன. ஸ்டேரிங்கோடு மல்லுக்கட்டி ஊர்ந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் லோரி. லோரிக்காரர் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க! ஒரே ஒரு திருப்பு!"

"திருப்பும்மா. கோப்பி இருந்தா நான் பாட்டுக்கு நிப்பேன் லா."

சிவநேசன் தன் கோப்பியையே நீட்ட வேண்டியதாயிற்று. காமினி காடியை உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் நுழைந்தாள். திருகை அரைக்கால் சுற்றுப் பின்னால் விட்டாள். திருகு நகராமல் பிடிக்கும் பூட்டு நட்டை இறுக்கினாள். கிரீஸ் கையோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"நானும் வரேன்" என்று சிவநேசன் பின்னால் ஏறிக்கொண்டான். லெட்சுமி முன்னிருக்கையில் தேங்காயை மடியில் அணைத்துக்கொண்டார்.

அதே வளைவு. காடி திரும்பியது. சத்தமில்லை. சாக்கடை நெருங்கியது.

"காமினி, பிடிச்சு ஓட்டு!" பின்னாலிருந்து கத்தினான் சிவநேசன்.

அவள் பத்து விரல்களையும் விரித்தாள். திறந்த உள்ளங்கைகளுக்குக் கீழே, கறுப்புக் கிரீஸ் ரேகைகளோடு, ஸ்டேரிங் மெல்லத் தானாகவே நடுவுக்குத் திரும்பத் தொடங்கியது.