நீபோ மலையின் கட்டைக் குரல்

பெஸ்ஸமர் ஊரிலுள்ள நீபோ மலை பாப்டிஸ்ட் சபைக்கு மலை கிடையாது. டயர் கடைக்குப் பின்னால் கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். பாப்டிஸ்ட் சபைகளில் பிஷப் வைத்துக்கொள்ளும் வழக்கமும் பெரிதாக இல்லை. ஆனாலும் பாஸ்டர் ட்ராட்டர் போன ஈஸ்டருக்கு ஊதா அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு வந்து, இனிமேல் தான் பிஷப் என்று அறிவித்தார். சபை "ஆமென்" என்றது. அங்கி நிஜமாகவே நன்றாக இருந்தது.

அந்தச் சபைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அங்கி அல்ல, நீபோ சகோதரிகள். ஐந்து பெண்கள், வாத்தியம் எதுவும் இல்லாமல் நாற்பது வருஷமாகப் பாடுகிறார்கள். பியானோ அவர்களுக்குக் கைப்பை வைக்கிற இடம். முன்நின்று பாடுகிறவள் ஜோனெட்டா. அவளுக்கு அடியில் கட்டைக் குரலில் பாடுகிறவள் தங்கை ஆர்வெல்லா பிக்கன்ஸ்.

ஆர்வெல்லா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. போனில் அவளை எல்லோரும் "சார்" என்பார்கள். அவள் திருத்துவதில்லை, சார் என்று நினைத்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது. பெண்கள் குழுவில் ஒரு பெண்ணே அடிக்குரல் தாங்குவது இந்த ஜில்லாவில் அவள் ஒருத்திதான். அவள் கீழே இறங்கிப் பாடும்போது முன்வரிசைக்காரர்களுக்குப் பாட்டு காதில் கேட்பதற்கு முன் உட்கார்ந்த பலகையில் கேட்டுவிடும். இதைப் பிறர் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருப்பதில்லை. தானே சொல்லிவிடுவாள்.

நாற்பதாம் ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரம், ஒத்திகைக்கு நடுவே பிஷப் ஒரு லேப்டாப்போடு வந்தார்.

"இந்தத் தடவை விழாவ நேரடியா இன்டர்நெட்ல விடறோம். உலகமே பார்க்கப் போகுது" என்றார். போன வருஷம் பார்த்த உலகத்தில் பாதிப் பேர் அவருடைய மைத்துனர்கள்.

"ஒரே ஒரு சங்கடம். போன வருஷ வீடியோவுக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? பொம்பளைங்க குழுன்னு சொல்லிட்டு ஆம்பளைய எங்கப்பா ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

"எங்க ஒளிச்சீங்க? நட்டநடுவுல நிக்கறேன்" என்றாள் ஆர்வெல்லா.

பிஷப் புன்னகைத்து ஒரு பொத்தானைத் தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து, நல்ல பருமனான ஒரு கட்டைக் குரல் அவர்களுடைய பாட்டின் அடிப்பகுதியைப் பாடியது.

"யாரு இது?" என்றாள் டாமி லீ. உச்சக் குரலும் உச்ச வாயும் அவளுடையவை.

"அட்லாண்டாவில ஒருத்தர். ஸ்டூடியோவுல பாட வெச்சு வாங்கியிருக்கேன். சிஸ்டர் ஆர்வெல்லா இனி நடுக்குரல்ல நாகரிகமா நின்னா போதும்."

"இருங்க பிஷப். ஆம்பள மாதிரி இருக்குன்னு என்னை எடுத்துட்டு, ஆம்பளையவே கொண்டாந்து வெக்கறீங்க."

"ஆனா அவர் கேமராவுல தெரிய மாட்டார்!"

"நாம வாத்தியம் இல்லாத குழுவாச்சே" என்றாள் டாமி லீ.

"இது எங்க வாத்தியம்? குரல்தானே. டப்பாவுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்."

நான்கு பேரும் ஜோனெட்டாவைப் பார்த்தார்கள். ஜோனெட்டா தன் செருப்பைப் பார்த்தாள். வீடியோவைச் சிகாகோவின் பெரிய அரங்கத்துக்கு அனுப்புவதாக பிஷப் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அது பிறகு கார் நிறுத்துமிடத்தில்தான் வெளியே வந்தது.

"இந்த ஒரு தடவை மட்டும், வெல்லா. சிகாகோவுல பாடணும்னு எனக்கு எத்தனை வருஷ ஆசை, உனக்குத் தெரியாதா?"

"நாற்பது வருஷமா நீ யார் தோள்மேல ஏறி நின்னு பாடறேன்னு உனக்குத் தெரியாதா, அக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"ஆமா."

பொய் சொல்லியிருந்தால் ஆர்வெல்லா கிழித்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் தொழில். உண்மையைச் சொன்னவளை என்ன செய்வது?

"சரி. நடுக்குரல்ல நிக்கறேன். ஆனா இதுதான் கடைசி. திங்கட்கிழமையிலருந்து உன் குழுவுல நான் இல்ல. டப்பாவோட பாடிக்கோ."

ஞாயிறு மதியம் செல்மாவிலிருந்தும் டஸ்கலூசாவிலிருந்தும் குழுக்கள் வந்தன. குழுவுக்கு இரண்டு பாட்டு. பிஷப்பின் வரவேற்புரை அந்தப் பாட்டுகள் எல்லாவற்றையும்விட நீளம். கடைசியில் நீபோ சகோதரிகள் மரகதப் பச்சை உடையில் ஏறினார்கள். ஆர்வெல்லா ஓரத்தில் நின்றாள். பிஷப் தன் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, ஏதோ திருவிருந்து கொடுப்பவர்போல் ஒரு விரலால் பொத்தானைத் தொட்டார்.

அட்லாண்டாக்காரர் நன்றாகவே பாடினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆர்வெல்லா தேடிப் பார்த்தாள்.

பாட்டின் முடிவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஏற்றுகிற கட்டம் வந்தது. "கதவைத் திற, நான் வந்துவிட்டேன்" என்று ஜோனெட்டா கூப்பிட, மற்றவர்கள் பதில் கொடுக்க வேண்டும். இதை எத்தனை தடவை பாடுவது என்று நீபோவில் யாரும் முடிவு செய்வதில்லை. சபைதான் முடிவு செய்யும். மூன்றாவது தடவையில் முன்வரிசையிலிருந்து மதர் ஈஸெல் எழுந்து நின்றார். சபையின் மூத்த தாய். ஆளுநர் வந்தபோதுகூட முழங்கால் வலியால் எழாதவர். அவர் கையை உயர்த்தி நிற்கும்போது பாட்டை முடிப்பது, விருந்தாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தட்டைப் பிடுங்குவதற்குச் சமம்.

டப்பாவுக்கு இது தெரியாது. பிஷப் நான்கு தடவைக்குத்தான் சொல்லி வாங்கியிருந்தார். நான்காவது முடிந்ததும் அட்லாண்டாக்காரர் கம்பீரமாக ஒரு ஆமென் போட்டு, வேலை முடிந்து போய்விட்டார்.

ஜோனெட்டா ஐந்தாவதின் பாதியில் இருந்தாள். அவள் குரல் அடியில் ஒன்றுமில்லாமல் கீழிருந்த ஏணி பறிபோன ஆள்போல் தொங்கியது. பிஷப் பொத்தானைத் தட்டினார். டப்பா பாட்டை முதலிலிருந்து, நிதானமாக ஆரம்பித்தது. அவசரமாக மூடியைச் சாத்தினார்.

ஜோனெட்டா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அதட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. பார்த்தாள். ஆர்வெல்லாவுக்கு அந்த நொடியில் மிகவும் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை ஒரு மூச்சு நேரம் முழுசாக அனுபவித்தாள். பிறகு ஓரத்திலிருந்து நடந்து நடுவுக்கு வந்து, குதிகாலால் தரையைத் தட்டி, அடிக்குரலுக்கு இறங்கினாள்.

பலகைகள் பேசின. கோயில் மொத்தமும் எழுந்தது. ஜோனெட்டா அழுதுகொண்டே ஏறினாள், அதுவரை போகாத உயரத்துக்கு. மதர் ஈஸெல் போதும் என்று தானாக உட்காருகிறவரை அந்த ஐந்து பெண்களும் விடவில்லை.

மூச்சு வாங்க, ஜோனெட்டா மைக்கைப் பிடித்துக் குழுவை அறிமுகம் செய்தாள். கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஆம்பள எங்கன்னு கேட்டீங்களாமே. கட்டைக் குரல், என் தங்கச்சி ஆர்வெல்லா. நாற்பது வருஷமா நான் நிக்கற தரை. சிகாகோக்காரங்க கூப்பிட்டா அவளோட வருவேன். இல்லேன்னா வீட்டுல இருப்பேன்." பிறகு மைக்கை மறந்துவிட்டு, "திங்கட்கிழமை?" என்று தங்கையைக் கேட்டாள். அதுவும் உலகம் முழுக்கக் கேட்டது.

"ஒத்திகை வியாழக்கிழமைதானே?" என்றாள் ஆர்வெல்லா.

கைதட்டல் அடங்குமுன் பிஷப் மைக்கை வாங்கிக்கொண்டார். "அன்பானவர்களே, ஆவியானவருக்கு இடம் விட வேண்டுமென்றே நான் அந்த ஒலிப்பதிவை அங்கே நிறுத்தினேன்..."

டாமி லீ இருமினாள்.

ஆர்வெல்லா வாயை மூடி, அடுத்த பாட்டின் சுருதியை அடியில் முனக ஆரம்பித்தாள். ட்ராட்டர் பிஷப்பாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆனால் பிறவிப் பிரசங்கி. காலடியில் ஒரு சுருதி ஓடினால் அந்த ரத்தம் சும்மா இருக்காது. "என் திட்டத்தின்படி" என்று பேச்சாகத் தொடங்கியவர், "கர்த்தரின் திட்டத்தின்படி" என்று இழுத்தார். மூன்றாவது வாக்கியத்தில் பாடிக்கொண்டிருந்தார். திட்டம் கிட்டம் எல்லாம் போய், வியர்வையோடு, வெறும் பாஸ்டர் ட்ராட்டராக, பழைய நாள்போல அருமையாகவே பாடினார். ஊதா அங்கி ஒரு தோளிலிருந்து நழுவியது. ஆர்வெல்லா சுருதியை ஒரு படி ஏற்றினாள். இன்னொரு படி. அவர் கழுத்து நரம்பு புடைக்க, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"சிஸ்டர், எட்ட மாட்டேங்குது. கொஞ்சம் இறக்குங்கம்மா."

அவள் யோசித்தாள். நல்ல மனசோடு, ஒரு அரைப் படி இறக்கினாள்.