மாப்பிள்ளை சீவின வேர்

1

இந்தக் கதை எங்க வீட்டுக் குப்பைக்கூடையில கிடைச்சது. நிஜமாத்தான். என் பொண்ணு மருந்துச் செடிகளை ஆராய்ச்சி பண்றவ. ஒரு நாள் காய்ச்சலோட, சோதனைக்குப் போக வேண்டிய வேரையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து படுத்தவ, மாப்பிள்ளையைக் கழுவித் தரச் சொன்னா. அவர் கழுவினதோட நிக்கல. கேரட் மாதிரி தோலைச் சீவி, மொழுமொழுன்னு டப்பாவுல அடுக்கிட்டார். தோல் கூடைக்குப் போச்சு.

(செடி பேரைக் கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே யாராவது அரைச்சுக் குடிப்பீங்க.)

2

இதைக் கதையா எழுத உக்காந்தேன். ஆரம்பம், முதல் தடவை:

"வேரின் இருளில் ஒரு ரகசியம் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப வந்த அந்தப் பெண்..."

வேணாம். எனக்கே கொட்டாவி வருது.

ரெண்டாவது தடவை:

"போன முறை அவள் சோதித்த வேரில் மருந்துச் சத்து நிறைந்திருந்தது. இந்த முறை துளிகூட இல்லை. 'அப்போ போன தடவை நீ எழுதிக் குடுத்தது சோதனையா, கற்பனையா?' என்று கேட்டார் அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியர். வெள்ளிக்கிழமை பதிலோடு வரச் சொன்னார்."

இது தேவலை. பாருங்க, கேள்வி இப்போ வேரைப் பத்தி இல்ல. என் பொண்ணு பொய் சொன்னாளான்னு.

3

"மிச்சமிருந்த சீவாத வேர் ஒன்றை அவள் குறுக்கே மெலிதாக அரிந்தாள். சத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஆரஞ்சாகும் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். தோலோரமாக ஆரஞ்சு வளையம். நடுவில் வெறும் வெள்ளை."*

"அன்று மாலை கணவனைக் கேட்டாள்.

'தோலை என்னங்க பண்ணீங்க?'

'சீவிட்டேன். பளபளன்னு இருந்துச்சுல்ல?'

'இருந்துச்சு. மருந்துதான் இல்ல.'"

* சத்து செடி முழுக்க ஒரே மாதிரி இருக்கும்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். ஒரு செடி இலையில வைக்கும், ஒண்ணு விதையில, ஒண்ணு பட்டையில. நாம நகையை ஒளிச்சு வைக்கிற மாதிரி, வீட்டுக்கு ஒரு இடம்.

4

இந்த இடத்துல மாப்பிள்ளை எனக்குப் பின்னால நின்னு படிச்சுட்டார்.

"அத்தை, என்னை இவ்வளவு மக்காவா எழுதணும்?"

"அடிச்சுடறேன் மாப்பிள்ளை."

"ஒரு எழுத்தைக்கூட அடிக்காதே அம்மா!" பக்கத்து அறையிலேர்ந்து பொண்ணு.

[இவரை வில்லனாக்கவும் பார்த்தேன். "குரூரமான அந்தக் கணவன்..." ராத்திரியெல்லாம் அவ நெத்தியில ஈரத்துணி மாத்தினவரை எப்படி? கை வரல.]

5

இனி முடிவு. இங்கதான் இடிக்குது. நடந்ததைச் சொன்னா பழைய சோதனை பொய்யில்லன்னு ஆகும். ஆனா சோதனை வேரை வீட்டுக்குக் கொண்டுபோறதே அவங்க ஆய்வுக்கூடத்துல குத்தம். அவ ஆராய்ச்சியையே நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க.

முடிவு ஒண்ணு: "பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்." (என் ஆசை.)

முடிவு ரெண்டு: "'வீட்ல சீவின வேர்ல ஆராய்ச்சியா?' என்று அவர் கதவைக் காட்டி..."

போதும். அதுக்கு மேல விரல் நகரல.

முடிவு மூணு: "அவள் நடந்ததை மறைத்துவிட்டுப் புது வேர் பறிக்கக் கிளம்பினாள்."

பொண்ணு படிச்சா. "அம்மா, இது நான் இல்ல"ன்னுட்டா. அடிச்சாச்சு.

இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொண்ணும் மாப்பிள்ளையும் பேராசிரியர் அறை வாசல்ல நிக்கறாங்க.

"சீவினது நான். நானே சொல்றேன்."

"குடுத்தது நான். வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க!"

உள்ளே பேராசிரியர் நாற்காலியை என் கதையில காலியா விட்டிருக்கேன். அதுல நான் உக்கார லாயக்கில்ல. பெத்தவளாச்சே, கேள்வியே கேக்காம ஆராய்ச்சி தொடரட்டும்னு கையெழுத்துப் போட்டுடுவேன். படிக்கிற நீங்க போய் உக்காந்து முடிவைச் சொல்லுங்க.

சீக்கிரம். அவ கதவைத் தட்டறா.